சுகர் மாத்திரையோட முடி உதிர்வு மருந்து சேருமுங்களா? எதுல கவனமா இருக்கோணும்?

கோபி_பாசனம்:

வணக்கமுங்க. வயசு 46, சுகர் ஆறு வருசமா இருக்குது. இப்ப சாப்பிடறது: மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் ராத்திரியும், கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில, டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. மூணு மாசச் சராசரி 7.4. கிட்னி டெஸ்ட் நார்மல்.

உச்சந்தலையிலயும் நெத்தி ஓரத்துலயும் முடி குறைஞ்சுட்டே போகுது. தோல் டாக்டர் மினாக்சிடில் 5% சொட்டு மருந்து ரெண்டு வேளை, ஃபினாஸ்டிரைடு 1 மி.கி., பயோட்டின் 10 மி.கி. எழுதியிருக்காரு. சொட்டு மருந்து பிசுபிசுப்பு ஒத்துக்கலைன்னா மினாக்சிடிலையே 2.5 மி.கி. மாத்திரையா மாத்திக்கலாம்னும் சொல்லியிருக்காரு. சுகர் டாக்டர் வேற ஆஸ்பத்திரி. ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் பாக்கலைங்க.

இதுல எது சுகர் மருந்தோட மோதும்? ஒறம்பரையில ஒருத்தரு கருஞ்சீரகம், வெந்தயம், கரிசலாங்கண்ணி மூணையும் பொடி பண்ணி வெறும் வயித்துல குடிக்கச் சொல்றாரு, அதைச் சேத்துக்கலாமுங்களா? தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போயி மொட்டை போடறதாவும் இருக்குது. அப்ப மருந்தை என்ன பண்ணோணும்?

---

ஈரோடு_பார்மசி:

வெசனப்படாதீங்கண்ணா, இந்தச் சீட்டுல பயப்படற மாதிரி பெரிய மோதல் இல்லீங்க. ஆனா தலையில தடவறதும் வாயில போடறதும் ஒண்ணுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. சிக்கல் பூராவும் அங்கதான் வருது.

மினாக்சிடில் முதல்ல பிரஷர் மாத்திரையாத்தான் வந்துச்சு. ரத்தக் குழாயை விரிச்சு உடற மருந்து. அதைச் சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைக்கறதைப் பாத்துட்டுத்தான் அப்புறம் தலைக்குத் தடவற மருந்தாச் செஞ்சாங்க. 5% மருந்துல 1 மி.லி.க்கு 50 மி.கி. இருக்குது. ரெண்டு வேளைக்கு 100 மி.கி. நல்லா இருக்கற தலைத்தோல் வழியா ரத்தத்துக்குப் போறது சராசரியா 1.4 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 1.4 மி.கி. சுமாரு. 2.5 மி.கி. மாத்திரையா முழுங்கினா ஏறக்குறைய அத்தனையும் ரத்தத்துல ஏறிடும். பிரஷருக்கே அந்தக் காலத்துல 5 மி.கி.யில ஆரம்பிச்ச மருந்துங்க இது.

உங்களுக்கு ஏற்கெனவே டெல்மிசார்டன் பிரஷரைக் குறைக்குது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையோட சேத்து உப்பையும் தண்ணியையும் ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளுது. இது ரெண்டுக்கும் மேல மினாக்சிடில் மாத்திரையும் வந்துச்சுன்னா, படுத்து எந்திரிக்கையில கண்ணைக் கட்டிக்கிட்டு வரலாம். ஆறு வருச சுகர்ங்கறதால, எந்திரிச்ச உடனே பிரஷரைச் சரிபண்ற நரம்புகள் சித்த மந்தமாயிருக்கவும் வாய்ப்புண்டு. மாத்திரைக்கு மாறறதா இருந்தா அதுக்கு முன்னால வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க: அஞ்சு நிமிசம் படுத்திருந்து பிரஷர் எடுங்க, எந்திரிச்சு நின்னு ஒரு நிமிசத்துல ஒருக்கா, மூணாவது நிமிசத்துல ஒருக்கா எடுங்க. மேல் அளவு 20 இறங்குனாலோ கீழ் அளவு 10 இறங்குனாலோ மாத்திரைப் பக்கம் போகாதீங்க, டாக்டர்கிட்ட அந்த அளவுகளைக் காட்டுங்க.

இன்னொண்ணு நெம்ப முக்கியம். மினாக்சிடில் மாத்திரையில நெஞ்சு படபடன்னு அடிக்கும். கிளிமிபிரைடு சாப்பிடறவங்களுக்கு சுகர் இறங்குனாலும் அதே படபடப்புத்தான். ரெண்டையும் வெச்சுக் குழப்பிக்கிட்டு, படபடப்பு வர்றப்ப எல்லாம் சர்க்கரைத் தண்ணியக் குடிச்சு சுகரை ஏத்திக்கறவங்களும் உண்டு. 'இது முடி மருந்துனாலதான்'னு சும்மா இருந்து சுகர் 50க்குப் போறவங்களும் உண்டு. படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் எது வந்தாலும் முதல்ல விரலைக் குத்திப் பாருங்க. 70க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரை இல்லைன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட். நார்மலா இருந்தா நாடித்துடிப்பை எண்ணி, பிரஷரும் எடுத்து எழுதி வெச்சுக்குங்க. மீட்டர் கையில இல்லைன்னா மட்டும் சர்க்கரையை முதல்ல குடிங்க, தள்ளிப் போடாதீங்க.

உங்க சீட்டுல இல்லை, படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன்: சுகருக்கு 'மூணு மருந்து கலந்த மாத்திரை' சாப்பிடறவங்க அட்டையைத் திருப்பிப் பாருங்க. அதுல பயோகிளிட்டசோன்னு இருந்தா மினாக்சிடில் மாத்திரையோட சேக்கறது நல்லதில்லைங்க. ரெண்டுமே உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும். இருதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடறவங்களுக்குக் கால் வீக்கம் ஏற்கெனவே இருந்தா அதுவும் கூடும். கணுக்காலுக்கு மேல எலும்பு மேல கட்டைவிரலை வெச்சு அஞ்சு செகண்ட் அமுக்கிப் பாருங்க, குழி உழுந்து நின்னா தண்ணி தேங்கியிருக்குன்னு அர்த்தம். ஒரே வாரத்துல 2 கிலோ ஏறுனாலும் அப்படித்தான். உடனே டாக்டரைப் பாருங்க.

ஃபினாஸ்டிரைடு மெட்ஃபார்மினோடவோ கிளிமிபிரைடோடவோ மோதறதில்லை. சுகர் அளவையும் மாத்தாது. ஆனா அதைச் சாப்பிடறவங்கள்ல சில பேருக்கு ஆண்மைக் குறைவு வரும். சுகர்லயும் அதே தொந்தரவு வரும்ங்கறதால, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இப்ப எப்படி இருக்குதுன்னு டாக்டர்கிட்ட கூச்சப்படாமச் சொல்லி வெச்சுடுங்க. இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு எதுனால வந்துச்சுன்னே கண்டுபுடிக்க முடியாது. மாத்திரையை உடைச்சோ பொடிச்சோ வெக்காதீங்க, கர்ப்பமா இருக்கறவங்க அதைத் தொடக் கூடாது. ரத்த தானம் குடுக்கறவரா இருந்தா நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுத்தான் குடுக்கோணும்.

பொடி விசயம். வெந்தயமும் கருஞ்சீரகமும் அரைச்சுத் தலையில பூசிக் குளிக்கறதுனால சுகருக்கு ஒண்ணும் ஆகாது. வயித்துக்குள்ள போனா கதை வேற. ரெண்டுமே சுகரைக் கொஞ்சம் இறக்கும். வெறும் வயித்துல பொடி, அது மேல கிளிமிபிரைடு, டிபன் அரை மணி நேரம் லேட்டுன்னா சுகர் கீழ போயிரும். வெந்தயத்துல இருக்கற நார் மாத்திரை உறிஞ்சறதையும் தாமதப்படுத்தும். குடிச்சே ஆகோணும்னா சுகர் டாக்டர்கிட்டச் சொல்லி, மாத்திரைக்கும் பொடிக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, முதல் ரெண்டு வாரம் சாப்பாட்டுக்கு முந்தி சுகர் பாத்து எழுதுங்க. பேரு, உள்ள என்ன இருக்குதுன்னு அட்டையில இல்லாத லேகியம், 'முடிக்கு உள்மருந்து' பக்கமே போகாதீங்க. ஸ்டீராய்டு கலந்த சரக்கு உண்டு. தின்ன ஒரு வாரத்துல சுகர் 300ஐத் தாண்டுனா அதைத்தான் முதல்ல சந்தேகப்படோணும்.

---

நொய்யல்_லேப்:

மேல அண்ணன் மருந்தைச் சொல்லிட்டாரு. நான் லேப் பக்கத்துல இருந்து பயோட்டின் பத்திச் சொல்றேனுங்க. பாதி பேரு அதை மருந்துன்னே கணக்குல எடுக்கறதில்ல, ரத்தம் எடுக்கையில கேட்டாலும் சொல்றதில்ல.

பயோட்டின்ங்கறது ஒரு வைட்டமின். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம். உங்க மாத்திரையில இருக்கறது 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். 300 மடங்குக்கு மேல. அட்டையில சிலது மில்லிகிராம்னு போட்டிருக்கும், சிலது மைக்ரோகிராம்னு, அதைக் கவனிச்சுப் படிங்க. இதனால உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனா லேப் மெசின்ல பல டெஸ்ட்டு பயோட்டினையே ஒட்டுப் பசையா வெச்சு வேலை செய்யுது. உங்க ரத்தத்துல அது நிறையக் கெடந்தா மெசின் ஏமாந்து போகும். தைராய்டு டெஸ்ட்டுல டிஎஸ்எச் பொய்யாக் கம்மியாவும், டி3, டி4 பொய்யாக் கூடுதலாவும் காட்டும். பாக்கறவங்களுக்கு அது தைராய்டு அதிகமாச் சுரக்கற மாதிரியே தெரியும். இல்லாத நோய்க்கு மாத்திரை ஆரம்பிச்சுடுவாங்க.

முடி உதிர்வுக்கு எழுதற டெஸ்ட்டுகளே இதுல மாட்டுது பாருங்க. ஃபெரிட்டின், அதாவது உடம்புல இருக்கற இரும்புச் சேமிப்பு, கம்மியாக் காட்டலாம், பி12 கூடுதலாக் காட்டலாம். பி12 கூடுதலாத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் நஷ்டம், ஏன்னு கீழ சொல்றேன். எல்லாத்தையும் விட ஆபத்தானது ட்ரோபோனின். நெஞ்சு வலின்னு அவசரத்துக்குப் போனா எடுக்கற டெஸ்ட் அது. பயோட்டினால அது பொய்யாக் குறைஞ்சு, மாரடைப்பையே மறைச்சுடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லயும் 2019லயும் இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. சுகர் இருக்கறவங்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலே வரலாம்ங்கறதால, அவசரப் பிரிவுல போய் நின்னா 'பயோட்டின் சாப்பிடறேன்'னு முதல் வார்த்தையாச் சொல்லோணும்.

எல்லா மெசினும் ஒரே மாதிரி இல்லைங்க. ஆனா உங்க லேப்ல எந்த மெசின்னு உங்களுக்குத் தெரியாது. அதனால ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முந்தியே பயோட்டினை நிறுத்துங்க. கிட்னி பாதிச்சவங்களுக்கு இன்னும் அதிக நாள் தங்கும், டாக்டரைக் கேட்டுக்குங்க. சாதாரண சுகர் டெஸ்ட்டும் மூணு மாசச் சராசரியும் பயோட்டினால மாறாது.

சராசரியை மாத்தறது வேற ஒண்ணு. இரும்புச் சத்துக் குறைவு இருந்தா ஹெச்பிஏ1சி, அதாவது அந்த மூணு மாசச் சராசரி, உள்ளதை விடக் கூடுதலாக் காட்டும். முடிக்குன்னு இரும்பு மாத்திரை ஆரம்பிச்சு ரத்தம் தேறுனதும், புது ரத்த அணுக்கள் நிறைய வர்றதால சராசரி இறங்கும். சுகர் மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அதை வெச்சு முடிவு பண்ணிடக் கூடாது. அந்த மூணு மாசமும் விரல்ல குத்திப் பாக்கற அளவையும் சேத்துக் காட்டுங்க. கையில ஒட்டற சென்சார் போட்டிருக்கறவங்க முடிச் சத்து மாத்திரையில வைட்டமின் சி எவ்வளவுன்னு பாருங்க. சில சென்சார்கள்ல தினம் 500 மி.கி.க்கு மேல போனா சுகரைக் கூடுதலாக் காட்டும், அதை நம்பி இன்சுலின் ஏத்திக்கக் கூடாது. ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்ற முடி வைட்டமின்ல சர்க்கரையே இருக்கும்.

இப்ப பி12. மெட்ஃபார்மின் வருசக்கணக்காச் சாப்பிட்டா குடல்ல பி12 உறிஞ்சறது குறையும். டோஸ் கூடக் கூட, வருசம் கூடக் கூட, இதுவும் கூடும். நீங்க தினம் 2000 மி.கி. எடுக்கறீங்க. அசிடிட்டிக்கு பான்டபிரசோல் மாதிரி மாத்திரையும் தொடர்ந்து போட்டா இன்னும் மோசம். சுத்த சைவமா இருந்தா அதுக்கும் மேல. பாதம் மதமதன்னு இருக்கறதை 'சுகர் நரம்பு'ன்னு விட்டுட்டா, பி12 குறைவு வருசக்கணக்குல மறைஞ்சே கெடக்கும். ஒரு மி.லி. ரத்தத்துல 200 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா குறைவு, 200ல இருந்து 300 வரைக்கும் சந்தேகம். பயோட்டினை நிறுத்திட்டுப் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

---

கோபி_பாசனம்:

ரெண்டு பேருக்கும் நெம்ப நன்றிங்க. அப்ப சொட்டு மருந்தையே வெச்சுக்கறேன். அதைச் சரியாப் போடறது எப்படிங்க? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. எங்க ஊட்டுல போர்த் தண்ணி, உப்பு அதிகம். அதனாலதான் கொட்டுதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

---

கோவை_தோல்பிரிவு:

உப்புத் தண்ணியில் முடி வறண்டு, நுனியில் பிளந்து, பாதியில் முறியும். நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும் குறைவதற்கு அது காரணமில்லை, அது பரம்பரை வழுக்கை. தண்ணீரை மாற்றினாலும் நிற்காது. உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் முறிந்தது.

மூன்று மாதத்துக்கு முன் டெங்கு, கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், வேகமான எடைக் குறைவு ஏதாவது இருந்து, இப்போது தலை முழுக்கச் சீராகக் கொட்டினால் அது வேறு. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகத் திரும்பும். அதற்கு ஃபினாஸ்டிரைடு தேவையே இல்லை. ஆகவே மருந்துக்கு முன் காரணம். ஃபெரிட்டின், டிஎஸ்எச், பி12, முழு ரத்த எண்ணிக்கை இந்த நான்கும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சொட்டு மருந்து போடும் முறை. முடியும் தலைத்தோலும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். சொட்டுக்குழாயில் 1 மி.லி. கோடு வரை மட்டும் எடுங்கள். சீப்பால் வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோல் மேல் நாலைந்து சொட்டு விடுங்கள். முடி மேல் விட்டால் முடிதான் குடிக்கும், தோலுக்குப் போகாது. விரல் நுனியால் லேசாகப் பரப்பிவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கழுவாத கையால் முகத்தைத் தொட்டால் அங்கே முடி முளைக்கும். நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். இரவு டோஸைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்பே போட்டுவிட்டால் தலையணையில் ஒட்டாது. ஆல்கஹால் கலந்த மருந்து, அடுப்புப் பக்கம் நின்று போடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அது நக்கும்படி விடாதீர்கள், சிறிதளவே பூனைக்கு உயிர்க்கொல்லி.

எண்ணெய் இருக்கும் தலையில் மருந்து இறங்காது. சனிக்கிழமை காலை டோஸை விட்டுவிட்டு, சீயக்காயோ ஷாம்புவோ போட்டு எண்ணெய் முழுக்கப் போன பிறகு, மாலை காய்ந்த தலையில் போடுங்கள். தவறவிட்டதற்காக இரட்டை டோஸ் வேண்டாம். 2 மி.லி. போட்டால் முடி இரண்டு மடங்கு வராது, ரத்தத்துக்குப் போவதுதான் இரண்டு மடங்காகும்.

முதல் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் முடி அதிகமாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி சுழற்சிக்கு வருகிறது, பலரும் பயந்து நிறுத்துவது இந்த இடத்தில்தான். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்தது மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். செலவைக் கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்து யோசியுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தலைத்தோலில் பூஞ்சையும் சீழ்க்கொப்புளமும் எளிதில் வரும். அரிப்பு, செதில், புண் இருக்கும் தோலில் மினாக்சிடில் போட்டால் 1.4 சதவீதக் கணக்கெல்லாம் பொருந்தாது, பல மடங்கு உள்ளே போகும். முதலில் புண்ணை ஆற்றுங்கள். பொடுகுக்குக் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசினால் போதும், அது சுகர் மருந்தோடு மோதாது. அதே பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதினால் உங்களுக்குக் கிளிமிபிரைடு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கல்லீரலில் கிளிமிபிரைடை உடைக்கும் நொதியை ஃப்ளூகோனசோல் தடுக்கிறது. 2 மி.கி. மாத்திரை அதைவிடப் பெரிய டோஸ் போல வேலை செய்து, சுகரைத் திடீரென இறக்கும். முடிக்கு மருத்துவம் பார்க்கும் இடத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இந்தச் சேர்க்கைக்குத்தான், ஏனென்றால் யாருக்கும் இது 'முடி மருந்து' என்றே தோன்றாது.

வீட்டில் ஊசி உருளை (டெர்மா ரோலர்) உருட்டுவது வேண்டாம். துளை போட்ட அன்று மினாக்சிடில் போட்டால் நேரே ரத்தத்துக்குப் போகும், சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அந்தத் துளைகள் சீழ் பிடிக்கும்.

ஃபினாஸ்டிரைடு பற்றி ஒன்று விட்டுப்போனது. புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தச் சோதனையான பிஎஸ்ஏ அளவை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். 50 வயதுக்கு மேல் புராஸ்டேட் சோதனை எடுக்கும்போது அந்த மருத்துவருக்கு இது தெரியாவிட்டால், உண்மையில் கூடுதலாக இருப்பதை நார்மல் என்று விட்டுவிடுவார். சீட்டில் எழுதி வையுங்கள்.

---

கரூர்_பைபாஸ்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். எனக்கு ரெண்டு சந்தேகம். தாடியிலயும் பின்னந்தலையிலயும் ரூபாய்க் காசு அளவுக்குப் புழுவெட்டு. டாக்டர் தலையில ஊசி போடலாம்ங்கறாரு. சுகருக்கு இன்சுலின் போட்டுட்டிருக்கேன். ஊட்டுக்காரம்மா எடை குறையற வார ஊசி போட்டதுக்கு அப்புறம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுதுங்கறாங்க. ஊசியை நிறுத்தீறலாமுங்களா?

---

கோவை_தோல்பிரிவு:

புழுவெட்டு ஊசி டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு. தோலுக்குள் சிறு சிறு புள்ளியாகப் போடுவது, மாதம் ஒருமுறை. மொத்த அளவு குறைவுதான், இருந்தாலும் சில நாளுக்குச் சுகர் ஏறலாம். போட்ட அன்றிலிருந்து ஒரு வாரம், காலை வெறும் வயிற்றில் பார்ப்பதோடு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். ஸ்டீராய்டின் ஏற்றம் காலை அளவில் தெரியாமல் போகலாம், பிற்பகலில்தான் அதிகம் தெரியும். இன்சுலினை நீங்களாக ஏற்ற வேண்டாம், 250க்கு மேல் தொடர்ந்தால் சுகர் மருத்துவரை அழையுங்கள்.

வாரம் இரண்டு நாள் ஸ்டீராய்டு மாத்திரை என்று எழுதினால் அது வேறு கணக்கு. பீட்டாமெத்தசோன் ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் வேலை செய்யும். சனி, ஞாயிறு சாப்பிட்டால் செவ்வாய் வரை ஏறி, அதன்பின் இறங்கும். ஏற்றத்துக்கு வைத்த இன்சுலின் டோஸையே புதன்கிழமையும் போட்டால் சுகர் தாழும். இரண்டு மருத்துவரும் பேசிக்கொள்ளாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது. காசளவு இரண்டு திட்டுக்கு மாத்திரை தேவையும் இல்லை. புழுவெட்டும் தைராய்டு கோளாறும் சிலருக்குக் கூடியே வரும், டிஎஸ்எச் பாருங்கள்.

வார ஊசியை மற்றவர் விளக்குவார், நிறுத்த வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

---

ஆழியாறு_செவிலி:

சுகர் கிளினிக்குல மருந்து விளக்கம் சொல்றது என் வேலைங்க. கரூர் அண்ணனுக்கு முதல்ல. டிர்சிபடைடு, செமாகுளூடைடு ஊசிகள் 2025ல எடை குறைப்புக்கு இங்க வந்தப்பறம் இந்தக் கேள்வி அதிகம். எடைக்குப் போடற செமாகுளூடைடு ஆய்வுகள்ல பெரியவங்கள்ல 100க்கு 3 பேருக்கு முடி கொட்டுச்சு, வெறும் ஊசி போட்டவங்கள்ல 1. ஊசி வேரைக் கொல்றதில்லை. வேகமா எடை இறங்கி, பசியே இல்லாம ரெண்டு வாய்ச் சோத்தோட எந்திரிச்சுடறதுனால வேர் ஓய்வுக்குப் போயிடுது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டும், எடை ஒரு நிலைக்கு வந்தா திரும்பும்.

அவங்க பாக்கோணுங்கறது புரதம். கிட்னி நல்லா இருந்தா ஒரு கிலோ எடைக்கு 1 கிராம் வர்ற மாதிரி சாப்பிடச் சொல்லுங்க. 65 கிலோன்னா 65 கிராம். அரிசிம்பருப்பு சாதத்துல பருப்பு இருக்குதேன்னு விட்டுடாதீங்க, அதுல அரிசிதான் மூணு பங்கு. ஒரு முட்டையில 6 கிராம், பச்சைக் கொள்ளு 100 கிராம்ல 22 கிராம் சுமாரு. கொள்ளுப் பருப்பு கடைஞ்சு, தட்டுல முதல்ல அதைச் சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு. கொள்ளு ரசம்னா தண்ணிதான் வரும், கடைஞ்சதைச் சாப்பிடோணும். கிட்னி பாதிச்சவங்களுக்கு அளவு 0.8 கிராம், அவங்க டாக்டரைக் கேக்காம ஏத்தக் கூடாது. இரும்பு மாத்திரை எழுதியிருந்தா டீ, காப்பியோட வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் 4 மணி நேர இடைவெளி வேணும்.

பொம்பளைங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முடிக்குன்னு ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவாங்க, சினைப்பையில நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு நல்லாவே கேக்கும். ஆனா அது பொட்டாசியத்தைத் தேக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிபிரில்ங்கற பிரஷர் மாத்திரை எல்லாமும் தேக்கும். சுகரால கிட்னி கொஞ்சம் அடிபட்டிருந்தா மூணும் சேந்து இருதயத் துடிப்பையே கெடுக்கற அளவுக்குப் பொட்டாசியம் ஏறலாம். ஆரம்பிக்கறதுக்கு முந்தி கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட்டும் பொட்டாசியமும் பாக்கோணும், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரையும் இருந்தா ஒரு வாரத்துல மறுபடியும், அப்புறம் ஒரு மாசத்துல. பொள்ளாச்சிப் பக்கம் தினம் இளநீர் குடிக்கற பழக்கம் உண்டு. ஒரு இளநீர்லயே 500 மி.கி.க்கு மேல பொட்டாசியம் வரும். இந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் தினப்படி இளநீர் வேண்டாம், 'சோடியம் கம்மி'ன்னு விக்கற உப்பும் வேண்டாம், அதுல இருக்கறது பொட்டாசியம்தான். கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருக்கறவங்க இதைச் சாப்பிடக் கூடாது.

இப்ப கோபி அண்ணனுக்குப் பழனி விசயம். மொட்டை போட்டா முடி அடர்த்தியா வராதுங்க. வேர் தோலுக்குள்ள இருக்குது, கத்தி அதைத் தொடறதில்லை. வேண்டுதலுக்காகப் போடுங்க, தாராளமா. புது பிளேடு மாத்தறதைக் கண்ணால பாத்துட்டு உக்காருங்க. மழிச்ச தலையில கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய இருக்கும், அதுல மினாக்சிடில் எரியும், உள்ளயும் அதிகமாப் போகும். எரிச்சல் முழுக்க அடங்கற வரைக்கும், ஒரு வாரம் வெச்சுக்குங்க, நிறுத்தி வெக்கலாம். ஒரு வாரம் நிறுத்துனா இதுவரைக்கும் வந்த பலன் போயிடாது. வெயில்ல தலை கன்றிப் போனாலும் அப்படித்தான், மொட்டைக்கு அப்புறம் துண்டோ தொப்பியோ போட்டுட்டே நடங்க.

நடைபயணத்துக்கு முந்தியே சுகர் டாக்டரைப் பாத்து ரெண்டு விசயம் கேட்டுக்குங்க. நாள் பூராவும் நடந்தா கிளிமிபிரைடு அதே டோஸ் அதிகமாப் போயிடலாம், அன்னிக்கு ராத்திரி தூக்கத்துலகூட சுகர் இறங்கும். குறைக்கோணுமான்னு கேளுங்க. டாபாகிளிஃப்ளோசின் போட்டுட்டு வேர்த்து நடந்தா உடம்புல தண்ணி வத்தும். வாந்தி, பேதி, சாப்பிட முடியலைன்னா அந்த மாத்திரையை அன்னிக்கு நிறுத்தோணும், இல்லைன்னா சுகர் 200ல இருக்கறப்பவே ரத்தத்துல அமிலம் ஏறலாம். எந்த நாள்ல நிறுத்தறது, எப்ப மறுபடி ஆரம்பிக்கறதுன்னு எழுதி வாங்கிக்குங்க. பையில குளுக்கோஸ் பாக்கெட், மீட்டர், ஸ்ட்ரிப் இருக்கோணும். பஞ்சாமிர்தம் தொட்ட கையோட விரலைக் குத்துனா மீட்டர் 400 காட்டும், கையைத் தண்ணியில கழுவித் துடைச்சுட்டுக் குத்துங்க.

---

கோபி_பாசனம்:

நெம்ப தெளிவாயிடுச்சுங்க. பயோட்டினை இன்னிக்கே நிறுத்திட்டு, மூணு நாள் கழிச்சு பி12, ஃபெரிட்டின், டிஎஸ்எச் குடுக்கறேன். பயோட்டினை மறுபடி ஆரம்பிக்கோணுமுங்களா?

---

கோவை_தோல்பிரிவு:

பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. உங்களுக்கு எழுதிய மருத்துவரிடம் இதைக் கேட்டு, அவர் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எல்லா மாத்திரை அட்டையையும், சொட்டு மருந்துப் பெட்டியையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள். ஆரம்பிக்கும் நாளன்று உச்சந்தலையை ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிட்டில் போட்டோ எடுத்து வையுங்கள், ஆறாவது மாதம் அதே இடத்தில் நின்று இன்னொன்று.

---

ஈரோடு_பார்மசி:

சொட்டு மருந்து வாங்கையில பெட்டியில 'மினாக்சிடில்' மட்டும் இருக்குதான்னு பாத்து வாங்குங்கண்ணா. மினாக்சிடிலோட ஃபினாஸ்டிரைடும் கலந்து வர்ற பாட்டிலும் உண்டு. நீங்க மாத்திரையாவும் அதைச் சாப்பிட்டா ரெண்டு வழியிலும் போகும். தலைத்தோல் எரிஞ்சு செவந்தா அது பெரும்பாலும் மருந்தில்லை, அதுல கலந்திருக்கற புரொப்பிலீன் கிளைக்கால். நுரையா வர்றதுல அது இருக்காது, டாக்டரைக் கேட்டு மாத்திக்கலாமுங்க.